அரட்டைப் பாக்கெட்டைப் பிரித்துப் படிக்க: வாசகர் கேள்வி – பதில்

உடனடிச் செய்திச் செயலிகள் நெட்வொர்க்கில் என்ன பேசிக்கொள்கின்றன, அதை வயர்ஷார்க் போன்ற கருவிகளால் எப்படிப் படிப்பது என்பது பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். ஃபில்டர்களையும் மெனுப் பெயர்களையும் தமிழில் ஒலிபெயர்த்திருக்கிறோம். தட்டச்சும்போது ஃபில்டர்களை ஆங்கிலச் சிற்றெழுத்தில் இடவும். பைட் மதிப்புகள் எல்லாம் சாதாரண பத்தடிமான எண்கள். வயர்ஷார்க்கின் பைட் பலகத்தில் வலது க்ளிக் செய்தால், ஹெக்ஸுக்கு (பதினாறடிமான எண்ணுக்கு) பதிலாக டெசிமலில் காட்டச் சொல்லும் தேர்வு புதிய பதிப்புகளில் இருக்கிறது.

கேள்வி: லேப்டாப்பில் வயர்ஷார்க்கை ஓடவிட்டு, அதே வைஃபையில் இருக்கும் என் மொபைலில் அரட்டை அடித்தேன். லேப்டாப்பில் ஒரு பாக்கெட்கூட வரவில்லை. பிராமிஸ்குவஸ் மோடு (தனக்கு அல்லாத பாக்கெட்டையும் கார்டு ஏற்கும் நிலை) ஆன் செய்துதான் இருக்கிறது. எங்கே தப்பு?

பிடிக்கும் இடத்தில்தான் தப்பு. வயர் நெட்வொர்க்கில் ஸ்விட்ச், யாருக்கான ஃப்ரேமோ (பாக்கெட்டைச் சுமக்கும் உறை) அவருடைய போர்ட்டுக்கு மட்டுமே அதை அனுப்பும். உங்கள் கார்டுக்கு வராத ஃப்ரேமை பிராமிஸ்குவஸ் மோடு வரவழைக்காது. வைஃபையில் ஃப்ரேம் காற்றில் பறந்தாலும், அதைக் கேட்க மானிட்டர் மோடு (காற்றில் போகும் எல்லா ஃப்ரேமையும் கேட்கும் நிலை) வேண்டும். கேட்டாலும் ஒவ்வொரு சாதனத்துக்கும் தனிச் சாவி. டபிள்யூபிஏ2 என்றால் கடவுச்சொல்லோடு, அந்த மொபைல் இணைந்த நேரத்தில் நடந்த நான்கு செய்தி ஹேண்ட்ஷேக்கும் பிடிபட்டிருக்க வேண்டும். டபிள்யூபிஏ3 என்றால் கடவுச்சொல் தெரிந்தாலும் போதாது.

இந்தச் சிரமம் எதற்கு? பாக்கெட் கட்டாயம் கடந்துபோகும் இடத்தில் போய் உட்காருங்கள். லேப்டாப்பை ஹாட்ஸ்பாட் ஆக்கி, மொபைலை அதில் இணைத்து, அந்த ஹாட்ஸ்பாட் இடைமுகத்திலேயே பிடிப்பது எல்லாவற்றிலும் எளிது. ஆண்ட்ராய்டில் பிகேப்ட்ராய்டு என்ற செயலி ரூட் இல்லாமலே, விபிஎன் போல நின்று பிடித்துத் தரும்; எந்தப் பாக்கெட் எந்தச் செயலியுடையது என்றும் சொல்லும். ஐபோனை மேக்குடன் கேபிளில் இணைத்து, ஆர்விஐசிடிஎல் கட்டளையால் அதற்கு ஒரு மெய்நிகர் இடைமுகம் உண்டாக்கலாம். அலுவலக ஸ்விட்ச்சில் போர்ட் மிரரிங் வசதி இருந்தால் அதுவும் வழிதான்.

இன்னொன்றையும் சரிபாருங்கள். பிடிப்பதற்கு முன் போடும் கேப்சர் ஃபில்டரின் இலக்கணம் வேறு, பிடித்தபின் போடும் டிஸ்பிளே ஃபில்டரின் இலக்கணம் வேறு. முதலாவதில் 'டிசிபி போர்ட் 5222', இரண்டாவதில் 'டிசிபி.போர்ட் == 5222'. கட்டம் சிவப்பானால் பெரும்பாலும் ஒன்றை மற்றொன்றின் இடத்தில் போட்டிருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

இந்தப் பக்கம் முழுக்க நாங்கள் சொல்வது உங்கள் சொந்தச் சாதனம், சொந்த சர்வர், நீங்களே தொடங்கிய இரண்டு சோதனைக் கணக்குகள் ஆகியவற்றுக்குத்தான். அடுத்தவர் அரட்டையைப் பிடிப்பது குற்றம். அலுவலக நெட்வொர்க் என்றால் எழுத்தில் அனுமதி வாங்கிய பிறகே கை வையுங்கள்.

கேள்வி: புதிதாகக் கற்பவர் எந்த நெறிமுறையில் தொடங்கலாம்?

ஐஆர்சி என்ற பழைய அரட்டை நெறிமுறையில் தொடங்குங்கள். 1988-இல் பிறந்தது, 1993-இல் ஆர்எஃப்சி (இணைய நெறிமுறை ஆவணம்) 1459 ஆக எழுதி வைக்கப்பட்டது, வெற்று எழுத்தில் பேசுவது. போர்ட் 6667-இல் பிடித்து, ஒரு பாக்கெட்டின் மேல் வலது க்ளிக் செய்து 'ஃபாலோ – டிசிபி ஸ்ட்ரீம்' கொடுத்தால் உரையாடல் நாடக வசனம் போல விரியும். பெயர், கட்டளை, சேனல், ஒரு முக்காற்புள்ளி, பிறகு செய்தி. அரை மணி நேரத்தில் பிடிபட்டுவிடும்.

அடுத்தது எக்ஸ்எம்பிபி என்ற எக்ஸ்எம்எல் அரட்டை நெறிமுறை. ஜாபர் என்ற பெயரில் 1999-இல் வந்தது. இப்போதைய அடிப்படை ஆவணம் 2011-இன் ஆர்எஃப்சி 6120. ப்ரோசடி சர்வரை உங்கள் கணினியிலேயே நிறுவி, அதன் அமைப்புக் கோப்பில் டிஎல்எஸ் (இணைப்பை என்கிரிப்ட் செய்யும் நெறிமுறை) தொகுதியையும், கிளையன்ட் இணைப்புக்கு என்கிரிப்ஷன் கட்டாயம் என்ற வரியையும் அணைத்து, என்கிரிப்ஷன் இல்லாமலும் வெற்றுக் கடவுச்சொல்லை ஏற்கும் வரியைத் திறந்துவிடுங்கள். ஆய்வுக்கு மட்டும்தான் இது. அந்த சர்வரை இணையத்தில் வைக்காதீர்கள். பிட்ஜின் கிளையன்ட்டிலும் அதே இரண்டு அனுமதிகளைக் கொடுத்தால் போர்ட் 5222-இல் எக்ஸ்எம்எல் அப்படியே ஓடும். மெசேஜ், பிரசென்ஸ், ஐக்யூ என்று மூன்றே மூன்று வகைப் பொதிகள்தான். மூன்றையும் அடையாளம் காணத் தெரிந்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

அரட்டையே இல்லாத நேரத்தில் ஒரே ஒரு பைட் சுமந்த பாக்கெட்டுகள் சீரான இடைவெளியில் வருவதைப் பார்த்துப் பலர் குழம்புகிறார்கள். அந்தப் பைட்டின் மதிப்பு 32, அதாவது வெறும் இடைவெளி எழுத்து. இணைப்பு உயிரோடிருக்கிறது என்று கிளையன்ட் தரும் குரல் அது, வேறொன்றுமில்லை.

கேள்வி: எழுத்தில் பேசும் நெறிமுறை புரிகிறது. பைனரி நெறிமுறையைப் பார்த்தால் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போல இருக்கிறது. ஆவணமே இல்லாத ஒன்றை எப்படிப் பிரிப்பது?

முறை ஒன்றுதான்: ஒரு நேரத்தில் ஒரே ஒரு விஷயத்தை மாற்றுங்கள், இரண்டு பிடிப்புகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எந்தப் பைட் நகர்ந்தது என்று பாருங்கள். ஊகம் எத்தனை அழகாக இருந்தாலும், ஒரு சோதனை அதை மெய்ப்பிக்கும் வரை அது ஊகம்தான்.

பழகிக்கொள்ள ஏஐஎம், ஐசிக்யூ என்ற பழைய அரட்டைச் செயலிகள் இரண்டும் பேசிய ஆஸ்கர் நெறிமுறையைப் பரிந்துரைக்கிறோம். ஏஐஎம் 2017 டிசம்பரிலும் ஐசிக்யூ 2024 ஜூனிலும் மூடப்பட்டுவிட்டன. ஆனாலும் அந்த மொழியைப் பேசும் திறமூல சர்வர்கள் கிடைக்கின்றன, வயர்ஷார்க்குக்கும் அதைப் படிக்கத் தெரியும். எனவே நீங்கள் கண்டுபிடித்தது சரியா என்று கடைசியில் விடையைத் திறந்து பார்க்கலாம்! அதுவரை அனலைஸ் மெனுவின் 'எனேபிள்டு புரோட்டோகால்ஸ்' பட்டியலில் ஏஐஎம் தொடர்பானவற்றை அணைத்து வையுங்கள்.

போர்ட் 5190-இல் பிடியுங்கள். ஒவ்வொரு பொதியும் 42-இல் தொடங்குவது கண்ணில் படும். எழுத்துப் பலகத்தில் அது நட்சத்திரக் குறி. எப்போதும் மாறாத முதல் பைட் என்றால் அது பெரும்பாலும் அடையாளக் குறி. அடுத்த பைட் பெரும்பாலும் 2. இணைப்புத் தொடங்கும்போது மட்டும் 1, முடியும்போது 4. ஆகவே இது வகை. மூன்றாவது, நான்காவது பைட்டுகளைச் சேர்த்துப் படித்தால் 17, 18, 19 என்று ஒவ்வொன்றாக ஏறும். நீங்கள் அனுப்புவதற்கு ஒரு வரிசை, சர்வர் அனுப்புவதற்குத் தனி வரிசை. இரண்டையும் கலந்து பார்த்தால் எண்கள் தாறுமாறாகத் தெரியும், அதனால் முதலில் திசைவாரியாகப் பிரியுங்கள். ஐந்தாவது, ஆறாவது பைட்டுகளைச் சேர்த்தால் வரும் எண், அதற்குப் பின்னால் மிச்சமிருக்கும் பைட்டுகளின் எண்ணிக்கையோடு அச்சாகப் பொருந்தும். அதுதான் நீளம். ஆறு பைட் தலைப்பு முழுவதும் தெரிந்துவிட்டது.

இப்போது உள்ளே போகலாம். ஆறெழுத்துப் பெயருள்ள கணக்குக்கு ஐந்து ஆங்கில எழுத்துள்ள ஒரு சொல்லை அனுப்புங்கள். கூடுதல் இணைப்பு எதையும் கிளையன்ட் சேர்க்கவில்லை என்றால் தலைப்பில் உள்ள நீளம் 49. அதைக் கூறுபோட்டால்: 10 பைட் உள் தலைப்பு (குடும்ப எண் 4, துணை எண் 6, கொடிகள், கோரிக்கை எண்), 8 பைட் குக்கி, 2 பைட் சேனல், பெயரின் நீளத்துக்கு 1, பெயருக்கு 6. இதுவரை 27. மீதி 22-இல் முதல் 4 பைட்டுகள் '2, 18' என்ற இரண்டு எண்கள்: வகை 2, நீளம் 18. அந்த 18-க்குள் 5 பைட்டில் ஒரு சிறு துண்டு, பிறகு 4 பைட் தலைப்போடு இன்னொரு துண்டு. அதன் நீளம் 9. அந்த 9-இல் எழுத்துக் குறியாக்கத்துக்கு 4 பைட், உங்கள் சொல்லுக்கு 5.

49, 18, 9. ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று நீளங்கள். இது சரிதானா? ஆறு எழுத்துள்ள சொல்லை அனுப்புங்கள். 50, 19, 10 என்று மூன்றும் ஒன்றாக ஏற வேண்டும். ஏறினால் நீளம் என்பது உறுதி. ஏறாமல் ஒரே இடத்தில் நின்ற எண் வேறு ஏதோ. பெயரை ஏழெழுத்தாக மாற்றிப் பாருங்கள்: 49 மட்டும் ஏறும், 18-உம் 9-உம் அசையாது. இந்த இரண்டு சோதனைகளில் அமைப்பு முழுவதும் வெட்ட வெளிச்சமாகிவிடும்.

எல்லா நெறிமுறையும் வகை – நீளம் – மதிப்பு என்று அடுக்குவதில்லை. 2018 ஜூலையில் மூடப்பட்ட யாஹூ மெசஞ்சரின் ஒய்எம்எஸ்ஜி வேறு மாதிரி: 20 பைட் தலைப்பு, பிறகு எண்ணும் மதிப்பும் இணை இணையாக, ஒவ்வொன்றின் முடிவிலும் 192, 128 என்ற இரண்டு பைட் வேலி. நீளம் எங்கும் அகப்படவில்லை, ஒரே ஜோடி பைட் திரும்பத் திரும்ப வருகிறது என்றால் இப்படிப்பட்ட வேலி என்று சந்தேகப்படலாம்.

புதியவர்கள் அடிக்கடி இடறுவது பைட் வரிசையில். நீளம் 49 என்பது '0, 49' என்று வந்தால் பிக் எண்டியன் (உயர் பைட் முதலில்). '49, 0' என்று வந்தால் லிட்டில் எண்டியன். ஒரே நெறிமுறையில் இரண்டும் கலந்திருப்பதும் உண்டு. ஆஸ்கரிலேயே ஐசிக்யூ சார்ந்த சில பகுதிகள் லிட்டில் எண்டியன். 255-ஐத் தாண்டும் நீளத்தில் ஒரு செய்தி அனுப்பிப் பார்த்தால்தான் உண்மை தெரியும். சின்னச் செய்திகளை மட்டும் வைத்து ஒரு பைட் நீளம் என்று முடிவு கட்டாதீர்கள்.

கேள்வி: சில நேரம் ஒரே பாக்கெட்டில் மூன்று செய்திகள் இருக்கின்றன, சில நேரம் ஒரு செய்தி பாதியில் நிற்கிறது. நான் எழுதிய பைதான் நிரல் அங்கேயே குழம்பிவிடுகிறது.

டிசிபி என்பது குழாய்த் தண்ணீர் மாதிரி. நீங்கள் செம்பு செம்பாக ஊற்றினாலும் மறுமுனையில் ஓடையாகத்தான் வரும். எங்கே ஒரு செய்தி முடிகிறது என்பது டிசிபிக்குத் தெரியாது. அதை நெறிமுறையின் நீள எண்ணோ முடிவுக் குறியோதான் சொல்ல வேண்டும். எனவே பாக்கெட் பாக்கெட்டாகப் படிக்கும் நிரல் நிச்சயம் தவறும். வந்த பைட்டுகளை ஒரு பஃபரில் சேருங்கள். தலைப்பு அளவுக்குச் சேர்ந்ததும் நீளத்தைப் படியுங்கள். அத்தனை பைட் சேரும்வரை காத்திருந்து, எடுத்த பிறகு மிச்சத்தைப் பஃபரிலேயே விட்டுவையுங்கள். மீண்டும் வரும் பாக்கெட்டுகளை வரிசை எண் பார்த்து விலக்கவும் மறக்காதீர்கள்.

'ப்ரீவியஸ் செக்மென்ட் நாட் கேப்சர்டு' என்ற கறுப்பு வரி தெரிந்தால் அந்த இடத்துக்குப் பிறகு பிரிப்பதை நம்ப வேண்டாம். பாக்கெட்டே உங்கள் கையில் இல்லை. நீண்ட நேரப் பிடிப்புக்கு வயர்ஷார்க் திரையைத் திறந்து வைக்காமல், அதோடு வரும் டம்ப்கேப்பை 100 எம்பி வீதம் பத்துக் கோப்புகள் சுழலும்படி ஓடவிட்டால் இந்தத் தொல்லை பெருமளவு குறையும்.

எம்டியு (ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு) 1500 இருக்கும்போது 20,000 பைட் பாக்கெட் எப்படி வரும் என்று இன்னொரு வாசகரும் கேட்டிருந்தார். வெட்டும் வேலையை இயங்குதளம் நெட்வொர்க் கார்டிடம் ஒப்படைத்துவிடுகிறது. வெட்டுவதற்கு முன்பே வயர்ஷார்க் அதைப் பார்த்துவிடுகிறது. நீங்கள் அனுப்பும் பாக்கெட்டில் மட்டும் செக்சம் தவறு என்று காட்டுவதற்கும் இதே காரணம்தான்.

கேள்வி: ஆங்கிலச் செய்தி பாக்கெட்டில் தெளிவாகத் தெரிகிறது. தமிழில் அனுப்பினால் வெறும் புள்ளிகள்தான். தேடவும் முடியவில்லை.

வலப்பக்க எழுத்துப் பலகம் ஆஸ்கி (அடிப்படை ஆங்கில) எழுத்தை மட்டும் காட்டும், மற்றதெல்லாம் புள்ளி. ஆனால் தமிழ் பைட்டுகளுக்கு ஒரு முகச்சாயல் உண்டு. ஒருமுறை பழகினால் புள்ளிக் கூட்டத்துக்கு நடுவிலும் தெரிந்துகொள்ளலாம்.

யுடிஎஃப்-8 என்ற குறியாக்கத்தில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் மூன்று பைட். முதல் பைட் எப்போதும் 224. இரண்டாவது 174 அல்லது 175. 'வணக்கம்' என்று அனுப்பிப் பாருங்கள்:

224 174 181 – 224 174 163 – 224 174 149 – 224 175 141 – 224 174 149 – 224 174 174 – 224 175 141

கண்ணுக்குத் தெரிவது ஐந்து எழுத்து. உள்ளே ஏழு குறியீடு, 21 பைட். க், ம் ஆகியவற்றின் மேலுள்ள இரண்டு புள்ளிகளும் தனித்தனிக் குறியீடுகள், இரண்டுக்கும் 224 175 141. நீளப் புலத்தில் 5 வராமல் 21 வருவது இதனால்தான். நீளம் பைட்டைக் குறிக்கிறதா, எழுத்தைக் குறிக்கிறதா என்று கண்டுபிடிக்கத் தமிழ்ச் செய்தி அருமையான கருவி. ஆங்கிலத்தில் இரண்டும் ஒன்றாகவே இருந்து ஏமாற்றும்.

யுடிஎஃப்-16 என்றால் ஒரு பைட் விட்டு ஒரு பைட் 11 என்று வரும்: 11 181, 11 163, 11 149… மொத்தம் 14 பைட். முன்பு சொன்ன ஆஸ்கரில் குறியாக்க எண் 0 இருந்த இடத்தில் 2 வந்து, நீளங்கள் 49, 18, 9 என்பதிலிருந்து 58, 27, 18 ஆகும். ஜேசன் என்ற எழுத்து வடிவத் தரவில் தப்பிப்புக் குறியோடு (பின்சாய்வு, யு, நான்கு இலக்கம்) எழுதியிருந்தால் ஒவ்வொரு குறியீட்டுக்கும் ஆறு பைட், மொத்தம் 42. பேஸ்64-இல் சுற்றியிருந்தால் மூன்று பைட் நான்கு எழுத்தாகும். ஒவ்வொரு நான்கும் '4, பெரிய கே, 6' என்றோ '4, பெரிய கே, கூட்டல் குறி' என்றோ தொடங்கும். தமிழ் உரை முதல் பைட்டிலேயே தொடங்கினால்தான் இந்த அடையாளம் பொருந்தும். முன்னால் ஆங்கில எழுத்து ஒன்றிரண்டு இருந்தால் அணிவகுப்பு இடம் மாறிவிடும்.

தேடுவதற்கு 'ஃபைண்ட் பாக்கெட்' கட்டத்தில் ஸ்ட்ரிங்கை விட்டுவிட்டு ஹெக்ஸ் வேல்யூவைத் தேர்ந்து, பைட்டுகளையே ஹெக்ஸாக மாற்றி இடுங்கள்.

ஐஆர்சியில் நீண்ட தமிழ்ச் செய்தியின் கடைசி எழுத்து உடைந்து கறுப்பு வைரக் கேள்விக்குறி ஆவதற்கும் இதுவே காரணம். ஒரு வரிக்கு 512 பைட்தான் உச்சம், முடிவுக் குறி இரண்டும் அதில் அடக்கம். அனுப்புபவர் பெயரையும் முகவரியையும் சர்வர் முன்னால் சேர்ப்பதும் அதே கணக்கில்தான். மிஞ்சுவது 400 பைட் என்றால் 133 குறியீடுகளோடு சரி. 134-ஆவதை சர்வர் நடுவில் வெட்டிவிடும். கிளையன்ட் எழுதுபவர்களே, எழுத்தை எண்ணாமல் பைட்டை எண்ணுங்கள். வெட்டும்போது எழுத்தின் எல்லையில் வெட்டுங்கள்.

கேள்வி: சர்வர் என்னுடையதுதான், சான்றிதழின் பிரைவேட் கீ கையில் இருக்கிறது. அதை வயர்ஷார்க்கில் கொடுத்தும் டிஎல்எஸ் திறக்கவில்லையே?

திறக்காது. பழைய ஆர்எஸ்ஏ சாவிப் பரிமாற்றத்தில் மட்டுமே அந்தச் சாவியால் பலன் இருந்தது. இப்போது ஒவ்வொரு இணைப்புக்கும் தற்காலிகச் சாவி பிறந்து அழிகிறது; சான்றிதழ் சாவி கையொப்பம் இடுவதோடு சரி. 2018-இல் வந்த டிஎல்எஸ் 1.3-இல் ஆர்எஸ்ஏ பரிமாற்றமே எடுக்கப்பட்டுவிட்டது.

ஒருமுனையிலாவது அந்தத் தற்காலிக ரகசியங்களை எழுதி வாங்க வேண்டும். எஸ்எஸ்எல்கீலாக்ஃபைல் என்ற சூழல் மாறிக்கு (எல்லாம் பெரிய எழுத்து, இடைவெளி கிடையாது) ஒரு கோப்பின் முழுப் பாதையைக் கொடுங்கள். அதே டெர்மினலிலிருந்து கிளையன்ட்டைத் தொடங்குங்கள். ஃபயர்ஃபாக்ஸ், குரோம் இரண்டும் இதை மதிக்கும், ஆகவே பிரவுசரில் ஓடும் அரட்டைக்கு உடனே வேலை செய்யும். பைதான் 3.8 முதல் இயல்புநிலை டிஎல்எஸ் அமைப்பும் மதிக்கும். பிறகு வயர்ஷார்க்கில் பிரிஃபரன்சஸ் – புரோட்டோகால்ஸ் – டிஎல்எஸ் பக்கத்தில் மாஸ்டர் சீக்ரெட் லாக் கோப்பு என்ற கட்டத்தில் அந்தக் கோப்பைக் காட்டுங்கள்.

வேலை செய்யவில்லை என்றால் இந்த வரிசையில் பாருங்கள். கோப்பு உண்டானதா? இல்லையென்றால், பின்னணியில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த பழைய பிரவுசரே பதில் சொல்லியிருக்கும். முழுவதும் மூடிவிட்டுத் தொடங்குங்கள். கோப்பு இருக்கிறது, ஆனால் திறக்கவில்லை என்றால், கிளையன்ட் ஹலோ (இணைப்பில் கிளையன்ட் அனுப்பும் முதல் டிஎல்எஸ் செய்தி) பாக்கெட்டின் ரேண்டம் புலத்தில் உள்ள முதல் எட்டு இலக்கங்களை அந்தக் கோப்பில் தேடுங்கள். வரியில் இருக்கும் 64 ஹெக்ஸ் இலக்கங்கள் அதே 32 பைட் ரேண்டம்தான். அகப்படாவிட்டால் வேறு செயலியின் இணைப்பைப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். கிளையன்ட் ஹலோவே பிடிப்பில் இல்லை என்றால் இணைப்பின் நடுவில் பிடிக்கத் தொடங்கியிருக்கிறீர்கள்; செயலியை மூடி, பிடிப்பைத் தொடங்கி, பிறகு செயலியைத் திறங்கள்.

மிட்ம்புராக்ஸி போல, தன் சான்றிதழைக் காட்டி நடுவில் நிற்கும் கருவியும் உண்டு. ஆனால் ஆண்ட்ராய்டு 7 முதல், பயனர் நிறுவும் சான்றிதழைச் செயலிகள் இயல்பாக நம்புவதில்லை. 48 அல்லது 46 என்ற எண்ணுள்ள டிஎல்எஸ் அலர்ட் வந்து இணைப்பு அறுந்தால், செயலி உங்கள் சான்றிதழை ஏற்கவில்லை என்று பொருள். உங்கள் சொந்தச் செயலி என்றால் சோதனைப் பதிப்பில் அதற்கு அனுமதி கொடுத்துக்கொள்ளலாம்.

கேள்வி: டிஎல்எஸ் திறந்துவிட்டது, ஆனால் உள்ளே இன்னும் குப்பையாகத்தான் இருக்கிறது.

வெங்காயத்தில் ஒரு தோல்தான் உரிந்திருக்கிறது. பிரவுசர் அரட்டை என்றால் அடுத்த தோல் பெரும்பாலும் வெப்சாக்கெட் (பிரவுசரும் சர்வரும் திறந்தே வைத்திருக்கும் இருவழி இணைப்பு). 101 என்ற எச்டிடிபி பதிலைத் தேடுங்கள். அதற்குப் பிறகு வருவதெல்லாம் வெப்சாக்கெட் ஃப்ரேம்கள். கிளையன்ட்டிலிருந்து போகும் ஃப்ரேம்கள் மட்டும் நான்கு பைட் முகமூடியால் எக்ஸார் செய்யப்பட்டிருக்கும். சர்வர் பக்கம் முகமூடி இல்லை. ஒரு திசை படிக்க முடிகிறது, மறு திசை குப்பை என்றால் இதுதான். வயர்ஷார்க் கழற்றியும் காட்டும், அன்மாஸ்க்டு என்ற தாவலைப் பாருங்கள்.

அதன் கீழ் டிஃப்லேட் சுருக்கம் இருக்கலாம். இணைப்புத் தொடக்கத்தில் எக்ஸ்டென்ஷன்ஸ் தலைப்பில் அது ஒப்புக்கொள்ளப்பட்டிருக்கும். முந்தைய செய்திகளின் சொற்களை நினைவில் வைத்துச் சுருக்குவதால், நடுவில் ஒரு ஃப்ரேமை மட்டும் எடுத்து விரிக்க முடியாமல் போகலாம். முதல் ஃப்ரேமிலிருந்தே வர வேண்டும்.

கடைசித் தோல் ஜேசன் அல்லது புரோட்டோபஃப் (பைனரி தரவு வடிவம்). 8, 10, 18, 26 போன்ற சின்ன எண்கள் அடிக்கடி தலைகாட்டினால் புரோட்டோபஃப் என்று சந்தேகியுங்கள். புல எண்ணை எட்டால் பெருக்கி வகையைக் கூட்டினால் வருவது அந்தப் பைட்: 18 என்றால் இரண்டாவது புலம், வகை 2, அதாவது அடுத்து நீளம் வரும். முழு எண்கள் ஏழு ஏழு பிட்டாக வெட்டப்பட்டிருக்கும். '172, 2' என்பது 300: 172-இல் 128-ஐக் கழித்தால் 44, அதோடு 2 × 128. எம்க்யூடிடி என்ற செய்தி நெறிமுறையின் நீளப் புலமும் இதே கணக்குதான்.

கேள்வி: வாட்ஸ்அப், சிக்னல் பாக்கெட்டைப் பிரித்துச் செய்தியைப் படிக்க முடியுமா?

முடியாது. முடியும் என்று விற்கப்படும் மென்பொருளை வாங்காதீர்கள். 2016 ஏப்ரலிலிருந்து வாட்ஸ்அப் முழுவதும் முனைக்கு முனை என்கிரிப்ஷன். சாவி உரையாடுபவர்களின் சாதனங்களில் மட்டுமே. சர்வர் வரையிலான வெளிப்புறத் தோலை உரித்தாலும் உள்ளே மறைகுறியீடுதான் இருக்கும்.

தெரியக்கூடியது வேறு: எந்த சர்வர், எப்போது, எந்தத் திசையில், எவ்வளவு பைட். டிஎன்எஸ் கேள்வியும், கிளையன்ட் ஹலோவில் உள்ள சர்வர் பெயரும் இன்னும் பல இடங்களில் வெளிப்படையாகவே போகின்றன. அளவும் நிறையப் பேசும். டிஎல்எஸ் 1.3-இல் பேடிங் (நீளத்தை மறைக்கச் சேர்க்கும் நிரப்புப் பைட்டுகள்) இல்லையென்றால் ரெக்கார்டின் நீளம் உள்ளடக்கத்தைவிடச் சரியாக 17 கூடுதல் (முத்திரைக்கு 16, வகைக்கு 1). உங்கள் சொந்தச் செயலியில் ஒரு எழுத்து கூட்டினால் ரெக்கார்டும் ஒரு பைட் கூடுகிறதா என்று பாருங்கள். கூடினால், செய்தியின் நீளம் வெளியே கசிகிறது. பேடிங் சேர்க்க வேண்டிய இடம் அது. செயலி எழுதும் ஒவ்வொருவரும் இதைச் சோதித்தே ஆக வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து.

கேள்வி: நான் கண்டுபிடித்த நெறிமுறையை வயர்ஷார்க்கே புலம் புலமாகக் காட்டும்படி செய்ய முடியுமா?

லுவா என்ற நிரல்மொழியில் முப்பது நாற்பது வரி போதும். ஹெல்ப் – அபௌட் – ஃபோல்டர்ஸ் தாவலில் பர்சனல் லுவா பிளகின்ஸ் என்று காட்டும் அடைவில் கோப்பை வையுங்கள். திருத்தியபின் கன்ட்ரோல், ஷிஃப்ட், எல் மூன்றையும் அழுத்தினால் மறுபடி ஏறும். புலங்களை அறிவித்து, பிரிக்கும் ஃபங்ஷனை எழுதி, டிசிபி போர்ட் அட்டவணையில் பதிவு செய்ய வேண்டும். செய்தி எல்லையை நீங்களே கணக்கிடாமல், 'டிசெக்ட் டிசிபி பிடியூஸ்' என்ற ஆயத்த ஃபங்ஷனிடம் தலைப்பின் நீளத்தையும், மொத்த நீளத்தைச் சொல்லும் ஃபங்ஷனையும் ஒப்படையுங்கள். ஆஸ்கர் என்றால், தலைப்பில் இருக்கும் நீளத்தோடு தலைப்பின் ஆறு பைட்டையும் கூட்டித் திருப்பித் தர வேண்டும். அதை மறந்தால் முதல் செய்தியின் கடைசி ஆறு பைட் அறுந்துவிடும், இரண்டாவது செய்தியிலிருந்து எல்லாம் இடம் தவறிக் கெடும்.

கேள்வி: என் பிடிப்புக் கோப்பை உதவிக்காக மற்றவர்களுக்கு அனுப்பலாமா?

அப்படியே அனுப்பாதீர்கள். எக்ஸ்எம்பிபியின் ப்ளெயின் உள்நுழைவில் பெயரும் கடவுச்சொல்லும் பேஸ்64-இல் மட்டுமே சுற்றப்பட்டிருக்கும். ஒரு நொடியில் திறந்துவிடலாம். டிஎல்எஸ் ரகசியங்களைக் கோப்புக்குள்ளேயே சேர்த்திருந்தால் பெறுபவருக்கும் எல்லாம் திறக்கும். கேள்விக்குரிய ஒரே ஸ்ட்ரீமை ஃபில்டர் செய்து, 'எக்ஸ்போர்ட் ஸ்பெசிஃபைடு பாக்கெட்ஸ்' வழியாகத் தனிக் கோப்பாக்குங்கள். உள்ளடக்கம் தேவையில்லை, நேரமும் வரிசையும் போதும் என்றால் வயர்ஷார்க்கோடு வரும் எடிட்கேப்பில் ஒவ்வொரு பாக்கெட்டையும் 66 பைட்டில் வெட்டுங்கள்: ஈதர்நெட்டுக்கு 14, ஐபி பதிப்பு 4-க்கு 20, நேரமுத்திரையோடு டிசிபிக்கு 32. நேரமுத்திரை இல்லாத இணைப்பு என்றால் டிசிபிக்கு 20 பைட்தான், ஆகவே 54-இல் வெட்ட வேண்டும்; 66 வைத்தால் செய்தியின் முதல் 12 பைட் வெளியே போய்விடும். வெட்டிய கோப்பைத் திறந்து, கடைசிப் பாக்கெட் வரை நீங்களே ஒருமுறை பார்த்துவிட்டு அனுப்புங்கள். சோதனைக் கணக்கின் கடவுச்சொல்லையும் அன்றே மாற்றிவிடுங்கள்.